பெட்டியும் மீகாமனும்

1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ‘சிஎச்ரூட்’ என்றொரு சிறு வசதி இருந்தது. கோப்பு அமைப்பில் ஏதாவது ஓர் அடைவைக் காட்டி, உனக்கு உலகமே இதுதான் என்று ஒரு நிரலிடம் சொல்லிவிடும் வசதி. அதன்பின் அந்த நிரலால் அதற்கு மேலே ஏறிப் பார்க்க முடியாது; பக்கத்து அடைவில் என்ன கிடக்கிறது என்பதும் அதற்குத் தெரியாது. வலைச் செயலிகளை இன்று தாங்கி நிற்கும் கன்டெய்னர்களின் வம்சாவளி இங்கிருந்து தொடங்குகிறது. ஆனால் சிஎச்ரூட் மறைத்தது கோப்புகளை மட்டுமே. ஓடிக்கொண்டிருக்கும் மற்ற நிரல்கள், நெட்வொர்க், பயனர் கணக்குகள் எல்லாம் பொதுவாகவே இருந்தன. ‘ரூட்’ என்ற தலைமை நிர்வாகக் கணக்கின் அதிகாரம் உள்ள நிரல் நினைத்தால் வேலியைத் தாண்டிவிடலாம்.

வேலியைச் சுவராக எழுப்பும் தேவை இணையத்தோடு வந்தது. 1990-களின் கடைசியில் ஒரு வலைத்தளத்துக்காகத் தனி சர்வர் வாங்குவது பலருக்குக் கட்டுப்படியாகவில்லை. ஹோஸ்டிங் நிறுவனங்கள் ஒரே சர்வரில் பல வாடிக்கையாளர்களைக் குடிவைத்தன. ஒருவர் தளத்தில் ஓட்டை விழுந்தால் குடியிருக்கும் எல்லோருக்கும் ஆபத்து. அப்படியொரு ஹோஸ்டிங் நிறுவனத்தின் தேவைக்காக டென்மார்க்கைச் சேர்ந்த பால்-ஹென்னிங் காம்ப் எழுதிய ‘ஜெயில்’, 2000 மார்ச்சில் ஃப்ரீபிஎஸ்டி 4.0-வுடன் வெளிவந்தது. ஒவ்வொரு ஜெயிலுக்கும் தனி ஐபி முகவரி, தனிப் பயனர்கள், தனி ரூட். உள்ளே இருக்கும் ரூட்டின் அதிகாரம் உள்ளேயே முடிந்துவிடும். 2005-இல் சோலாரிஸ் 10 இதே வேலையை ‘ஸோன்’ என்ற பெயரில் இன்னும் விரிவாகச் செய்தது.

சுவர் தயாரான பிறகும் வலைச் செயலியை சர்வரில் ஏற்றும் பாடு குறையவில்லை. நிரலாளர் தன் கணினியில் எழுதிச் சோதித்த கோப்புகளை எஃப்டிபி வழியே சர்வருக்கு அனுப்புவார். அங்கே பிஎச்பி ஒரு பதிப்பு பழையதாக இருக்கும். படங்களைச் சுருக்கும் லைப்ரரி வேறு பதிப்பாக இருக்கும். அதைப் புதுப்பிக்கலாம் என்றால், அதே சர்வரில் ஓடும் இன்னொரு செயலிக்கு அந்தப் பழைய லைப்ரரிதான் வேண்டும். மாற்றினால் அது படுத்துவிடும். ‘என் மெஷின்ல ஓடுதே’ என்பது மென்பொருள் அலுவலகங்களில் தேய்ந்துபோன வாக்கியம். அதில் பொய் ஒன்றும் இல்லை. செயலியோடு சேர்ந்து அந்த மெஷினும் அதன் ஒரு பகுதியாகவே இருந்தது. அனுப்பும்போது அந்தப் பகுதி விட்டுப்போனது.

மெஷினையும் சேர்த்தே அனுப்பிவிடலாம் என்பது ஒரு தீர்வு. விஎம்வேர் 1999-இல் தன் முதல் வர்ச்சுவல் மெஷின் மென்பொருளை வெளியிட்டது. ஒரு கணினிக்குள் பல கணினிகளை நடிக்கவைக்கும் நுட்பம் அது. அமேசான் 2006 ஆகஸ்டில் தொடங்கிய ‘ஈசி2’ சேவை, அத்தகைய மெஷின்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விட்டது. சர்வர் வாங்க வாரக்கணக்கில் காத்திருந்தவர்களுக்கு இது பெரிய விடுதலை. ஆனாலும் ஒவ்வொரு வர்ச்சுவல் மெஷினும் ஒரு முழு இயங்குதளத்தைச் சுமந்தது. வட்டில் பல ஜிபி இடம், பூட் ஆக நேரம், நினைவகத்தில் ஒரு பங்கு என்று ஒரு சின்னச் செயலிக்காக அத்தனையும் செலவானது. பத்து மெஷின் இருந்தால் பத்து இயங்குதளங்களுக்கும் பாதுகாப்புத் திருத்தம் போட வேண்டும்.

கூகுள் வேறு பாதையில் போயிருந்தது. அதன் தரவு மையங்களில் தேடல், மின்னஞ்சல், விளம்பரம் எல்லாம் ஒரே மெஷின்களில் அருகருகே ஓடின. ஒன்று மற்றொன்றின் சிபியுவையும் நினைவகத்தையும் தின்றுவிடாமல் அளந்து கொடுக்கும் வழி வேண்டியிருந்தது. 2006-இல் அந்நிறுவனப் பொறியாளர்கள் பால் மெனேஜும் ரோகித் சேத்தும் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலுக்காக இதை எழுதத் தொடங்கினர். முதலில் வைத்த பெயர் ‘பிராசஸ் கன்டெய்னர்’. கன்டெய்னர் என்ற சொல் கெர்னலுக்குள் வேறு பல பொருளில் புழங்கியதால் ‘கன்ட்ரோல் குரூப்’, சுருக்கமாக ‘சிகுரூப்’ என்று மாற்றினார்கள். 2008 ஜனவரியில் லினக்ஸ் 2.6.24-இல் அது சேர்ந்தது. இதற்கு இணையாக ‘நேம்ஸ்பேஸ்’ என்ற வசதிகள் ஒவ்வொன்றாகக் கெர்னலில் ஏறின. 2002-இல் கோப்பு அமைப்புக்கானது வந்தது. பயனர்களுக்கானது முழுமை பெற 2013 ஆனது.

இங்கே ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். லினக்ஸ் கெர்னலுக்குள் கன்டெய்னர் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்பதை சிகுரூப் தீர்மானிக்கிறது. எதைப் பார்க்கலாம் என்பதை நேம்ஸ்பேஸ் தீர்மானிக்கிறது. இரண்டுக்கும் உட்பட்டு ஓடும் ஒரு சாதாரண நிரல்தான் கன்டெய்னர். இயங்குதளம் பூட் ஆகும் வேலையே இல்லாததால் அது நொடிக்குள் எழுந்துவிடுகிறது. 2008-இல் வந்த ‘எல்எக்ஸ்சி’ இவ்விரண்டையும் ஒன்றாகக் கட்டித் தந்தது. அதைக் கையாளக் கெர்னலின் உள்விவரம் தெரிந்திருக்க வேண்டியிருந்ததால் சாதாரண நிரலாளர்கள் அதன் பக்கம் அதிகம் போகவில்லை.

அவர்களுக்குக் கிடைத்தது ஹெரோக்கு. 2007-இல் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய இந்த நிறுவனம், ரூபி மொழியில் எழுதிய வலைச் செயலிகளை ஏற்ற ஒரு எளிய வழி கண்டது. ‘கிட் புஷ் ஹெரோக்கு மாஸ்டர்’ என்ற ஒரே வரி போதும். நிரல் போய்ச் சேரும். தேவையான லைப்ரரிகள் நிறுவப்படும். சில நிமிடங்களில் முகவரியில் தளம் திறக்கும். சர்வர் என்ற ஒன்று கண்ணிலேயே படாது. உள்ளே ஒவ்வொரு செயலியும் ‘டைனோ’ என்ற கன்டெய்னரில் ஓடியது. சேல்ஸ்ஃபோர்ஸ் 2010 டிசம்பரில் ஹெரோக்குவை 21.2 கோடி டாலருக்கு வாங்க முன்வந்தது. டைனோ எந்த நேரமும் மூடித் திறக்கப்படலாம். அதன் வட்டில் எழுதியது அதோடு போய்விடும். எனவே தரவுத்தளம் வெளியே இருக்க வேண்டும், கடவுச்சொல் போன்ற அமைப்புகள் நிரலுக்குள் இல்லாமல் சூழல் மாறிகளில் வர வேண்டும், பதிவுகளைக் கோப்பில் எழுதாமல் திரைக்கு அனுப்ப வேண்டும். ஹெரோக்குவின் ஆடம் விகின்ஸ் 2011-இல் இவற்றை ‘ட்வெல்வ்-ஃபேக்டர் ஆப்’ என்று பன்னிரண்டு விதிகளாகத் தொகுத்தார். கன்டெய்னர் அலை வருமுன்பே கன்டெய்னரில் வாழத் தெரிந்த செயலியின் இலக்கணம் எழுதப்பட்டுவிட்டது. இந்தத் துறையின் வரலாற்றில் ஹெரோக்குவுக்கு உரிய இடம் பல சமயம் கொடுக்கப்படுவதில்லை.

ஹெரோக்குவைப் போலவே சேவை நடத்திய நிறுவனங்களில் ஒன்று டாட்கிளவுட். பல மொழிகளின் செயலிகளையும் ஏற்றுக்கொண்டதால், அவற்றைக் கட்டி ஓடவிட உள்ளுக்குள் ஒரு கருவி வைத்திருந்தது. 2013 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் சாந்தா கிளாராவில் நடந்த பைகான் மாநாட்டில் அதன் நிறுவனர் சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிடப் பேச்சு ஒன்றில் அந்தக் கருவியை மேடையில் இயக்கிக் காட்டினார். கன்டெய்னர் ஒன்றில் ‘ஹலோ வேர்ல்ட்’ என்று அச்சானது, காட்சி அவ்வளவுதான். அதே மாதம் டாக்கர் என்ற பெயரில் அது ஓப்பன் சோர்ஸாக வெளிவந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் நிறுவனமே தன் பெயரை டாக்கர் என்று மாற்றிக்கொண்டது.

டாக்கர் என்றால் பிரிட்டிஷ் வழக்கில் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளி. பெயர் ஒரு பழைய வரலாற்றைத் தொட்டது. 1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்க லாரி முதலாளி மால்கம் மெக்லீனின் ‘ஐடியல் எக்ஸ்’ கப்பல் 58 அலுமினியப் பெட்டிகளோடு நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குக் கிளம்பியது. மூட்டை மூட்டையாக ஏற்றும்போது டன்னுக்கு 5.86 டாலர் ஆன ஏற்றுகூலி 16 சென்ட்டுக்கு இறங்கியது. பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது கிரேனுக்குத் தெரிய வேண்டியதில்லை. பெட்டியின் அளவும் மூலைகளில் கொக்கி மாட்டும் இடமும் ஒரே மாதிரி இருந்தால் போதும். டாக்கர் செயலிகளுக்குச் செய்தது இதைத்தான்.

டாக்கரின் புதுமை சுவரில் இல்லை. சுவர் எல்எக்ஸ்சியிடம் இரவல் வாங்கியது. புதுமை ‘இமேஜ்’ என்ற பொதியில் இருந்தது. செயலி, அதற்கு வேண்டிய லைப்ரரிகள், மொழியின் சரியான பதிப்பு என எல்லாம் ஒன்றாகக் கட்டிய கட்டுச்சோறு அது. போகிற இடத்தில் என்ன கிடைக்கும் என்று பார்க்க வேண்டாம். கட்டும் முறையை ‘டாக்கர்ஃபைல்’ என்ற சிறு கோப்பு சொல்கிறது. ஒரு பைத்தான் செயலிக்கு ஐந்தாறு வரி போதும். ‘ஃப்ரம்’ என்ற முதல் வரி எந்த அடிப்படை இமேஜின் மேல் கட்டுவது என்று சொல்லும். அடுத்த ‘காப்பி’ வரி லைப்ரரிகளின் பட்டியலை மட்டும் உள்ளே வைக்கும். ‘ரன்’ வரி அவற்றை நிறுவும். இன்னொரு ‘காப்பி’ நிரல் முழுவதையும் கொண்டுவரும். ‘சிஎம்டி’ தொடங்க வேண்டிய கட்டளை. பட்டியலை முதலிலும் நிரலைப் பிறகும் வைப்பதில் ஒரு கைப்பழக்கம் இருக்கிறது. ‘காப்பி’, ‘ரன்’ வரி ஒவ்வொன்றும் இமேஜில் ஓர் அடுக்காகிறது. மாறாத அடுக்கை டாக்கர் மறுபடி கட்டுவதில்லை. நிரலில் ஒரு எழுத்தைத் திருத்தினால் கடைசி அடுக்குகள் மட்டும் புதிதாகும். பல நிமிடம் பிடிக்கும் லைப்ரரி நிறுவல் அப்படியே நிற்கும். வரிசையை மாற்றி வைத்தவர் ஒவ்வொரு திருத்தத்துக்கும் அந்த நிமிடங்களைக் கொடுக்க வேண்டிவரும்.

ஒரு மெஷினில் ஒரு கன்டெய்னரை ஓட்டுவது இப்படி எளிதாயிற்று. நாற்பது மெஷின்களில் முந்நூறு கன்டெய்னர்கள் என்றால் கதை வேறு. எது எந்த மெஷினில் இடம் பிடிப்பது, மெஷின் செத்தால் அதிலிருந்தவற்றை எங்கே எழுப்புவது, ஓயாமல் இடம் மாறும் கன்டெய்னர்களை மற்றவை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்விகள் எழுந்தன. இவற்றுக்குக் கூகுளிடம் பத்தாண்டுப் பழக்கத்தில் விளைந்த விடை இருந்தது. ‘போர்க்’ என்ற அதன் உள் அமைப்பு, பல்லாயிரம் மெஷின்கள் கொண்ட கிளஸ்டர்களில் வேலைகளைப் பங்கிட்டு வந்தது. வாரத்துக்கு 200 கோடிக்கு மேல் கன்டெய்னர்களைத் தொடங்குவதாக 2014 மே மாதம் கூகுள் பொறியாளர் ஜோ பீடா ஒரு மாநாட்டில் சொன்னபோது வெளியுலகம் முதன்முறையாக அந்த அளவைத் தெரிந்துகொண்டது.

அடுத்த மாதமே, இதே வேலையைச் செய்யப் பீடாவும் பிரெண்டன் பர்ன்ஸும் கிரேக் மெக்லக்கியும் தொடங்கிய ‘குபர்நெட்டஸ்’ திட்டத்தைக் கூகுள் ஓப்பன் சோர்ஸாக அறிவித்தது. சொல் கிரேக்கம், சுக்கான் பிடித்துக் கப்பல் ஓட்டுபவர் என்று பொருள். தமிழில் இதற்கு மீகாமன் என்ற அழகான பழஞ்சொல் உண்டு. ஆரம்பத்தில் ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் ஒரு பாத்திரத்தை ஒட்டி ‘புராஜெக்ட் செவன்’ என்று திட்டத்துக்குப் பெயரிட்டிருந்தனர். சின்னத்திலுள்ள சுக்கான் சக்கரத்தின் ஏழு கைகள் அந்த நினைவில் வந்தவை.

அதுவரை சர்வர் நிர்வாகம் என்றால் கட்டளைகளின் வரிசை: இதை நிறுவு, அதை நிறுத்து, மறுபடி தொடங்கு. குபர்நெட்டஸ் போர்க்கிடமிருந்து கற்ற வேறொரு முறையைக் கொண்டுவந்தது. எந்த நிலை வேண்டும் என்று மட்டும் ‘யாம்ல்’ கோப்பில் எழுதித் தர வேண்டும். அங்கே போவது கிளஸ்டரின் பொறுப்பு. உள்ளே ‘கன்ட்ரோலர்’ என்ற நிரல்கள், கேட்ட நிலையையும் இருக்கும் நிலையையும் ஓயாமல் ஒப்பிட்டு, இடைவெளி கண்டால் அதைக் குறைக்க ஒரு காரியம் செய்யும்.

ஒரு வலைச் செயலியின் நான்கு பிரதிகள் ஓடுகின்றன, பதிப்பு 1.4 என்று வைத்துக்கொண்டால் இது கண்ணுக்குத் தெரியும். கோப்பில் 1.4 என்பதை 1.5 என்று திருத்தி அனுப்பினால், கன்டெய்னர்கள் குடியிருக்கும் ‘பாட்’ என்ற அலகு 1.5 பதிப்பில் புதிதாக எழுப்பப்படும். அது நலமாக இருக்கிறதா என்று கிளஸ்டர் குறிப்பிட்ட முகவரியில் தட்டிப் பார்க்கும். பதில் வந்த பிறகே பயனர்களின் கோரிக்கைகள் அதற்குத் திருப்பிவிடப்படும். பழைய பாட் ஒன்றுக்கு நிறுத்தச் செய்தி போகும். கையிலுள்ள வேலையை முடிக்க இயல்பாக 30 நொடி அவகாசம். அதற்குமேல் இழுத்தால் வலுக்கட்டாயமாக மூடப்படும். இயல்பான அமைப்பில் மொத்த பாட்கள் ஐந்தைத் தாண்டாமலும், தயாராக இருப்பவை மூன்றுக்குக் கீழ் இறங்காமலும் இந்த மாற்றம் நடந்து முடியும். 1.5 என்பதை 1.55 என்று தவறாகத் தட்டிவிட்டால், இல்லாத இமேஜைத் தேடிப் புதிய பாட்கள் தவித்து நிற்கும். பழையவற்றில் மூன்று தளத்தைத் தாங்கிக்கொண்டிருக்கும். நள்ளிரவில் தளத்தை மூடிவைத்துப் பதிப்பு மாற்றிய தலைமுறைக்கு இதன் அருமை புரியும்.

குபர்நெட்டஸின் 1.0 பதிப்பு 2015 ஜூலையில் வந்தது. அதை ஒரே நிறுவனத்தின் சொத்தாக வைத்துக்கொள்ளாமல், லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் உருவான ‘கிளவுட் நேட்டிவ் கம்ப்யூட்டிங் ஃபவுண்டேஷன்’ அமைப்பிடம் கூகுள் ஒப்படைத்தது. போட்டியாளர்களும் நம்பி உள்ளே வர இதுவே வழிவிட்டது. அந்தக் காலத்தில் களத்தில் வேறு வலுவானவர்களும் இருந்தனர். பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்த மெசோஸ் ட்விட்டரைத் தாங்கியது. டாக்கர் நிறுவனமே ‘ஸ்வார்ம்’ என்ற எளிய மாற்றை வைத்திருந்தது. 2017 அக்டோபரில் டாக்கர் தன் தயாரிப்பில் குபர்நெட்டஸையும் சேர்ப்பதாக அறிவித்தபோது போட்டி ஏறத்தாழ முடிந்தது.

வென்ற பொருளை நடத்துவது எளிதாக இல்லை. கிளஸ்டரின் மூளையான ‘கன்ட்ரோல் பிளேன்’ பல நிரல்களின் கூட்டு. கிளஸ்டரின் நினைவு முழுவதும் ‘எட்சிடி’ என்ற தரவுத்தளத்தில் இருக்கிறது. அது மூன்று மெஷின்களில் ஓடினால் குறைந்தது இரண்டு உயிரோடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எந்த மாற்றமும் பதிவாகாது. உறுப்புகள் ஒன்றோடொன்று பேசச் சான்றிதழ்கள் வேண்டும். ‘குபேட்ம்’ கருவி தரும் சான்றிதழ்களின் ஆயுள் ஓராண்டு. புதுப்பிக்க மறந்த குழுவுக்கு, ஓராண்டு நன்றாக ஓடிய கிளஸ்டர் ஒரு காலையில் எந்தக் கட்டளைக்கும் செவிசாய்க்காது. புதிய பதிப்புகளும் ஆண்டுக்கு மூன்று நான்கு என்று வந்துகொண்டிருந்தன. 2016-இல் கெல்சி ஹைட்டவர் எழுதிய ‘குபர்நெட்டஸ் தி ஹார்டு வே’ என்ற பாடம், தானியங்கிக் கருவி எதுவும் இல்லாமல் ஒரு கிளஸ்டரைக் கையால் கட்டவைத்தது. அதை முடித்தவர்களுக்கு அடித்தளம் விளங்கியது. இதைத் தினமும் தாங்களே பேண வேண்டுமா என்ற கேள்வியும் பிறந்தது.

அந்தச் சுமையைக் கிளவுட் நிறுவனங்கள் வாடகை வாங்கிக்கொண்டு ஏற்றுக்கொண்டன. 2014 நவம்பரில் கூகுள் தன் கன்டெய்னர் எஞ்சினை முன்னோட்டமாக வெளியிட்டது. அதே மாதம் அமேசான், குபர்நெட்டஸ் அல்லாத தன் சொந்த ‘ஈசிஎஸ்’ சேவையை அறிவித்தது. கூகுளின் சேவை 2015 ஆகஸ்டில் எல்லோருக்கும் திறந்தது. மைக்ரோசாஃப்டின் ‘ஏகேஎஸ்’, அமேசானின் ‘ஈகேஎஸ்’ இரண்டும் 2018 ஜூனில் முழுமையாக வந்தன. ஈகேஎஸ் தொடங்கியபோது ஒரு கிளஸ்டரின் மூளைக்கு மணிக்கு 20 சென்ட் வாடகை. 2020 ஜனவரியில் அது பாதியானது.

இந்த ஏற்பாட்டின் வலு 2016 ஜூலையில் தெரிந்தது. ‘போக்கிமான் கோ’ விளையாட்டின் பின்னணிச் செயலியை நயான்டிக் நிறுவனம் கூகுளின் குபர்நெட்டஸ் சேவையில் ஏற்றியிருந்தது. எதிர்பார்த்த போக்குவரத்தை ஒரு பங்கு என்று கொண்டால், மிக மோசமான நிலைக்கு ஐந்து பங்கு என்று கணக்கிட்டிருந்தார்கள். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் திறந்த 15 நிமிடத்தில் எதிர்பார்ப்பு உடைந்தது. வந்தது ஐம்பது பங்கு. ஜப்பானில் வெளியிடும் முன் ஓடிக்கொண்டிருந்த கிளஸ்டரையே புதிய பதிப்புக்கு மாற்றி, மேலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மெஷின்களைச் சேர்த்தனர். விளையாட்டுக் குழு தனியாக இதைச் செய்திருக்க முடியாது. கூகுளின் பொறியாளர்கள் கூடவே உட்கார்ந்து செய்த வேலை அது.

ஆனாலும் வாடகைக்கு விட்டது மூளையை மட்டுமே. இமேஜுக்குள் இருக்கும் பழைய லைப்ரரியின் ஓட்டை, யாருக்கு என்ன அனுமதி, ஒவ்வொரு ‘பாட்’டுக்கும் எவ்வளவு நினைவகம் என்பவை செயலிக்காரரின் பொறுப்பாகவே நின்றன. கடவுச்சொல் இல்லாமல் இணையத்தில் திறந்து கிடந்த ஒரு பெரிய நிறுவனத்தின் குபர்நெட்டஸ் டாஷ்போர்டு வழியே வெளியாட்கள் நுழைந்து கிரிப்டோ நாணயம் தோண்டியது 2018 பிப்ரவரியில் வெளிவந்தது. கிளஸ்டரின் மூளை பழுதின்றி வேலை செய்தது. கதவைப் பூட்ட ஆளில்லை.

அடுத்த கட்டத்தில் மெஷின்களும் மறையத் தொடங்கின. அமேசான் 2017 நவம்பரில் அறிவித்த ‘ஃபார்கேட்’, கூகுளின் 2019 ‘கிளவுட் ரன்’, 2021 ‘ஆட்டோபைலட்’ ஆகியவற்றில் இமேஜைக் கொடுத்தால் போதும். மெஷின் எத்தனை, எவ்வளவு பெரிது என்று கேட்பதில்லை. ஹெரோக்குவின் ஒற்றை வரிக்கு மிக அருகில் வந்து சேர்ந்த இடம் இது. ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ஹெரோக்கு தானே கட்டிய பொதி அதற்குள்ளேயே ஓடியது. இப்போதைய இமேஜை ஒரு நிறுவனத்திடமிருந்து எடுத்து இன்னொன்றில் வைக்கலாம். 2015 ஜூனில் டாக்கரும் கோர்ஓஎஸ் நிறுவனமும் மற்றவர்களும் கூடி அமைத்த ‘ஓப்பன் கன்டெய்னர் இனிஷியேடிவ்’ இமேஜின் வடிவத்தைப் பொதுத் தரமாக்கியதால் கிடைத்த வசதி அது.

அந்தத் தரம் சோதனைக்கு வந்ததும் உண்டு. மெஷின்களில் டாக்கரை நேரடியாக இயக்கும் இணைப்பைக் கைவிடப்போவதாகக் குபர்நெட்டஸ் 2020 டிசம்பரில் அறிவித்தபோது, எல்லா இமேஜ்களையும் திரும்பக் கட்ட வேண்டுமோ என்று பல குழுக்கள் பதறின. 2022 மே மாதம் வந்த 1.24 பதிப்பில் அந்த இணைப்பு நீக்கப்பட்டது. வாடகைச் சேவைகள் தங்கள் மெஷின்களை டாக்கருக்குள்ளிருந்தே பிரிந்து வந்த ‘கன்டெய்னர்டி’க்கு மாற்றின. டாக்கர்ஃபைல் கொண்டு கட்டிய இமேஜ்களை அது, அவை சேமித்து வைக்கப்பட்டிருந்த அதே கிடங்குகளிலிருந்து எடுத்து, எதையும் மறுபடி கட்டச் சொல்லாமல் ஓடவிட்டது.